கைராசிக்காரியின் நம்பர்

சம்பந்தி ஆகப்போகிற பாபநாசத்து அம்மாள் போனில் சொன்னதைக் கேட்டு உலகம்மாள் காப்பியைக் கீழே வைத்தாள்.

"உங்க பொண்ணுக்கு வேற எடத்துல பழக்கமாம்லா. ஒரு பொம்பள பேரைச் சொல்லாம பேசுனா. அதுவும் உங்க வீட்டு நம்பர்ல இருந்து. நாங்க யோசிச்சுச் சொல்லுதோம் மதினி."

வீட்டில் இருப்பதே இரண்டு பெண்கள். பேசியது தானில்லை; மிச்சம் மகள் மதுமதி. மாப்பிள்ளை பிடிக்காமல் குரலை மாற்றிப் பேசியிருப்பாளோ? அன்று முதல், கேபிள்காரன் தாணுமாலையன் மாட்டிவிட்ட இன்டர்நெட் போனுக்கு முன்னாலேயே உலகம்மாள் கீரை ஆய்ந்தாள், பூக் கட்டினாள். குளிக்கப் போகும்போது வயரைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோனாள்.

"போனுக்குக் காவலா, எனக்காம்மா?" என்றாள் மதுமதி.

"யோக்கியத்துக்கு எதுக்குட்டீ கோவம் வருது?"

மகள் சாப்பிடாமல் எழுந்து போனாள். அதையும் உலகம்மாள் குற்றத்தில்தான் சேர்த்தாள்.

மறுநாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. தென்காசி ஜவுளிக்கடைக்காரர். "இப்பந்தான கூப்பிட்டீங்க, போர்வை வெல கேட்டு? பாதில கட்டாயிட்டு."

போனை யாரும் தொடவே இல்லை. தாணுமாலையனுக்கு ஆள் போயிற்று.

அந்தத் தெருவில் புது ஆட்டோவோ பலகாரக் கடையோ, உலகம்மாள் கையால் போணி ஆகாமல் எதுவும் ஓடாது. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"உங்க கைராசிக்குத்தான்க்கா மொத கனெக்சன் உங்க பேர்ல போட்டேன்" என்றான் தாணு. "வீட்டுக்கு ஒரு நம்பர்னா லைசென்ஸ், ஆதார்னு உயிரை எடுக்கான். அதான் தெரு மொத்தத்துக்கும் உங்க நம்பரையே பிரிச்சு விட்டேன். யாரு பேசுனாலும் அங்கன உங்க நம்பர்தான் காட்டும். திருப்பிக் கூப்பிட்டா உங்க வீட்டுலதான் அடிக்கும்."

"யாரு பேசுனான்னு பதிவு இருக்கா?"

"வைக்கணும்னுதான் சட்டம். வைக்கல."

சந்தேகம் மகளை விட்டுத் தெருவில் இறங்கியது. இந்த மாப்பிள்ளையைத் தங்கை மகளுக்குக் கேட்டு வாய்க்காமல் போன எதிர்வீட்டு விஜயஸ்ரீ முதல், சும்மாவே அடுத்த வீட்டுக் கதை பேசும் நம்மைப் போன்றவர்கள்வரை யாரை விட முடியும்?

உலகம்மாள் செல்போனில் சம்பந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா நாறும்பூநாதன் தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் நம்புகிற ஆளில்லை.

"உரிமம் இல்லாம இப்படி ஒருத்தன் செய்வானா? கதையால்லா இருக்கு."

"லைன்லயே இருங்க அண்ணாச்சி. நான் உங்ககூட இதுல பேசிட்டிருக்கேன். இப்ப எதிர்வீட்டுல இருந்து உங்க வீட்டுப் போனுக்கு வரும். எந்த நம்பர்னு பாருங்க."

தாணு செல்போனைப் பொத்தப் பார்த்தான். "அவுக இலாகாக்காரராச்சேக்கா. கேபிளையே அறுத்துருவாவ."

"போலே. போகலன்னா நான் போலீசுக்குப் போறேன்."

போனான். நம்பரைப் போட்டுவிட்டுப் பயத்தில் ரிசீவரை விஜயஸ்ரீயிடம் நீட்டினான். "லைன் டெஸ்ட்டுக்கா, ரெண்டு வார்த்தை பேசுங்க."

பாபநாசத்தில் மணி அடிப்பது உலகம்மாளுக்குச் செல்போன் வழியே கேட்டது.

"உங்க நம்பர்தான்" என்றார் நாறும்பூநாதன். "நாளைக்கே அவன் மாட்டுன பெட்டியெல்லாம் கழத்தியாவணும்." அதற்குள் அவர் மனைவி வீட்டுப் போனை எடுத்திருந்தாள். எதிர்முனைக் குரலைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு செல்போனில் அவள் குரல் தணிந்து வந்தது.

"மதினி, அன்னைக்குப் பேசுனது இதே குரல்தான். மனசுல வச்சுக்காதீங்க. தேதி குறிச்சிருவோம்."

எதிர்வீட்டு ஜன்னலில் விஜயஸ்ரீ, அகப்பட்டது தெரியாமல், ரிசீவரும் சிரிப்புமாக நின்றாள்.

உலகம்மாள் அவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே திரும்பினாள். "சாப்பிட வாட்டீ" என்றாள் மகளிடம்.

"சம்பந்தி வீட்டுல நம்பிட்டாகளா?"

"நம்பிட்டாக."

"அவுகளுக்கு என்னைத் தெரியாது, சந்தேகப்பட்டாக. ஒனக்குமாம்மா என்னைத் தெரியாது?" என்ற மதுமதி, தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள்.