துடைப்பம் மூடிய புகார்

காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அவள் சல்லடை. ஏழுக்கு மேல் குளித்துக் கிளம்பி, கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்ப்பாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ஏதும் இல்லை.

சல்லடை என்று பெயர் வைத்தது குழுவில் இருப்பவர்கள். லினக்ஸ் கணினியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற ஜன்னல்கள், மெனு, கீழ்ப்பட்டை, பூட்டுத் திரை எல்லாவற்றையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, சொந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில் எழுதித் தருகிற குழு அது. எழுதுகிறவர்கள் பதினைந்து பேர். பயன்படுத்துகிறவர்கள் எத்தனை லட்சம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது புகார்வரை வரும்.

வருவதெல்லாம் புகார் ஆகிவிடாது. ஒருவர் "எல்லாம் மெதுவாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். ஒருவர் வேறு யாரோ செய்த பிரிண்டருக்கு இவர்களைத் திட்டுவார். நேற்று ஒன்பது பேர் சொன்னதையே பத்தாவது ஆள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதுவார். நல்ல புகார் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். இதைத் திற, அதை அழுத்து, மூன்று நொடி பொறு என்று வரிசையாகச் சொல்லும். அதன்படி செய்தால் அவர் வீட்டில் வந்த கோளாறு நம் வீட்டிலும் வந்து நிற்கும். வந்து நின்றால் பாதி வேலை முடிந்தது. இப்படிப்பட்டதைப் பொறுக்கியெடுத்து உரியவரிடம் சேர்ப்பதுதான் அவள் வேலை. அதில் அவளுக்கு அலுப்பே தட்டியதில்லை.

கணவருக்கு இது வேடிக்கை. சமையலறைக் குழாய் மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் காபியோடு வந்து நின்று கேட்டார்.

"உலகத்துப் புகாரெல்லாம் கேக்குற. நம்ம குழாய்க்கு நான் எங்க புகார் குடுக்கணும்?"

"எப்பலேர்ந்து சொட்டுது? வேற வீட்டுக் குழாய்லயும் சொட்டுதான்னு பாத்தீங்களா?"

"நல்லா வந்த போ," என்று அவர் ஸ்பானரைத் தேடப் போனார்.

குழுவில் துடைப்பம் என்றும் ஒன்று உண்டு. அது ஆள் இல்லை, ஒரு சின்ன நிரல். அவளே எழுதியது. முன்பு பதினோராயிரம் புகார்கள் திறந்தபடி கிடந்தன. அந்தக் குவியலைப் பார்த்தே இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். புகாரில் தகவல் போதவில்லையென்றால் 'விவரம் தேவை' என்று சீட்டு ஒட்டி, தயாராக வைத்திருக்கிற கேள்விகளை அனுப்ப வேண்டும். பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் துடைப்பம் புகாரை மூடிவிடும். ஒரே வருடத்தில் பதினோராயிரம் எண்ணூறாக இறங்கியது. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூடப்பட்ட புகார் ஒன்றில் புதிதாகக் கடிதம் வந்திருந்தது. அவள் புகாரை மேலிருந்து படித்தாள். ஏழு வாரம் முன்பு யாரோ எழுதியது.

"ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்கிறது. பூட்டியபின் திரைக் கீபோர்டு வருவதில்லை. ஒவ்வொரு முறையும். புதிய பதிப்புக்கு மாறியபின்."

அதன் கீழே அவள் ஒட்டிய சீட்டும் கேள்விகளும் இருந்தன. எந்தப் பதிப்பு? பூட்டுத் திரையின் படம் எடுத்து இணைக்கவும். கீழ்க்காணும் கட்டளையை இயக்கி வருவதை இணைக்கவும். அன்று முப்பத்தேழு புகார்களில் இது ஒன்று, ஒரே சொடுக்கில் அனுப்பியது. பதினைந்தாம் நாள் துடைப்பம் வந்து மூடிவிட்டுப் போயிருந்தது.

புதுக் கடிதம், அந்தப் புகாரை எழுதியவருடைய மகள் எழுதியது.

"என் அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்தவர். இப்போது ஒரு விரல் மட்டும்தான் அசையும். அதை வைத்து ஓர் உருண்டையை உருட்டி, திரைக் கீபோர்டில் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுப்பார். கணினி அதை வாசிக்கும். அவர் பேசுவது அப்படித்தான். களைத்துக் கொஞ்சம் ஓய்ந்தால் திரை பூட்டிக்கொள்கிறது. கீபோர்டு இல்லாமல் பாஸ்வேர்ட் போட முடியாது. நான் வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு வந்து திறக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கணினியைக் கொடுத்தது மறுவாழ்வு மையம். பூட்டை நிறுத்தும் அதிகாரம் எங்களுக்குத் தரவில்லை. உங்கள் அடுத்த பதிப்பை மையத்தில் இந்த மாதம் போடுவார்களாம். அதை விட்டால் இரண்டு வருடம் கழித்துத்தான். இது அதில் சரியாகுமா?"

அந்தப் பதிப்பின் கதவு வெள்ளிக்கிழமை சாத்தப்படும். அதற்குப்பின் எந்த மாற்றமும் உள்ளே போகாது.

அவள் கடைக்கு வரமுடியாதென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் கோளாறைத் தன் கணினியில் வரவழைத்தாள். ஐந்தே நிமிடத்தில் வந்தது. படம் எடுக்கலாமென்று பார்த்தால், பூட்டிய திரையை அந்தக் கணினியிலேயே படம் எடுக்க வழியே இல்லை. அந்தக் கேள்வியை வருடக்கணக்காக எல்லோரிடமும் கேட்டு வந்திருக்கிறாள்.

அடுத்து, எந்த மாற்றத்தில் இது நுழைந்தது என்று தேடினாள். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவே அறுநூறு மாற்றங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் மாதம் ஆகும். சரிபாதியில் உள்ளதை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் கெட்டிருந்தால் குற்றவாளி முன்பாதியில் இருக்கிறான், இல்லையென்றால் பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. பத்தே முறையில் ஆள் பிடிபடுவான். மதியம் இரண்டு மணிக்குப் பிடிபட்டான்.

பூட்டுத் திரை மற்ற ஜன்னல்களைப் போன்றதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிற காவல்காரன். தனக்குத் தெரியாத யாரையும் தன்னைத் தாண்டி வர விடமாட்டான். திரைக் கீபோர்டு தனி நிரல் என்பதால் அதற்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. போன வருடம் யாரோ அந்தக் கீபோர்டின் ஒரு மூலையை அழுத்திப் பிடித்து, அதன் அமைப்புகள் வழியாகவே கணினிக்குள் நுழைந்து காட்டிவிட்டார்கள். அதனால் விலக்கை ரத்து செய்திருந்தார்கள். இப்போது கீபோர்டு காவல்காரனுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லா எழுத்துகளோடும் விழித்துத்தான் இருக்கிறது. யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ரத்து செய்தவரைக் குழுவில் பூட்டண்ணன் என்பார்கள். பூட்டுத் திரைக்கு அவர் ஒருவர்தான். பகலில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. டீ இடைவேளையில் அவரைப் போனில் பிடித்தாள்.

"தெரியும்மா, நான்தான் பின்னாடி தள்ளினேன்," என்றார். வாயில் பிஸ்கட் இருந்தது.

"திருப்பி விட்டுடலாமா அண்ணா?"

"விட்டா ஓட்டை திறந்துக்கும். பூட்டுக்குள்ளயே ஒரு கீபோர்ட புதுசா வரையணும். மூணு வாரமாவது ஆகும். அத இன்னும் ரெண்டு பேர் பாத்து சரின்னு சொல்லணும். இன்னிக்கு செவ்வாய்."

அவள் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னாள்.

"இது எப்ப வந்த புகார்?"

"ஏழு வாரம் ஆச்சு."

"ஏழு வாரமா? எனக்கு வரவே இல்லையே. வந்திருந்தா நிதானமா முடிச்சிருக்கலாமேம்மா."

"துடைப்பம் மூடிடுச்சு. நான் சீட்டு ஒட்டியிருந்தேன்."

"மூடினத நான் பாக்கறதில்ல. சல்லடையில தங்கினது கல்லுதான்னு நம்பித்தான் இத்தனை வருஷமா ஓட்டறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இதற்கு அடுத்த பதிப்புக்குக் கண்டிப்பாகச் செய்கிறேன், எழுதிவை என்றார். மணி அடித்தது, போய்விட்டார்.

அவள் மூடிய புகாரை மறுபடி திறந்து 'அடுத்த பதிப்பு' என்று குறித்தாள். பிறகு மகளுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினாள். தவறு தன்னுடையது என்றும் எழுதினாள். கடைசியில் ஓர் உபாயமும் சொன்னாள். இன்னொரு மவுஸை வாங்கி முள் கடிகாரத்தின் முகத்தின்மேல் வையுங்கள். மவுஸின் வயிற்றில் ஒரு சின்னக் கண் இருக்கிறது, நொடிமுள் அதைக் கடக்கும்போதெல்லாம் யாரோ நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளும். கணினியும் ஆள் இருப்பதாக நம்பிப் பூட்டாது. இதை எழுதும்போது அவளுக்கே கொஞ்சம் உற்சாகம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கிடத்திச் சோதித்தாள். ஒரு மணி நேரம் பூட்டவில்லை.

"அடுத்தது என்ன, ஃப்ரிட்ஜா?" என்றார் கணவர், ஆணி மட்டும் இருந்த சுவரைப் பார்த்து. அவள் விளக்கினாள். முழுவதும் கேட்டுவிட்டு, "பலே," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது.

"கடிகாரம் வேலை செய்தது. இரண்டு நாளும் பூட்டவில்லை. ஆனால் அப்பாவால் சொடுக்க முடியாது. அம்பு ஓர் எழுத்தின்மேல் ஒன்றரை நொடி அசையாமல் நின்றால்தான் அந்த எழுத்து விழும். நொடிமுள் கடக்கும்போதெல்லாம் அம்பு துள்ளிப் பக்கத்து எழுத்துக்குப் போய்விடுகிறது. நேற்று நாள் முழுக்கத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தது. அவரே எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. நீங்கள் முதலில் கேட்ட கேள்விகளுக்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. புகார் கேட்பவர்களுக்கு விவரம் முழுதாகத் தரவேண்டும் என்பார், லிஃப்ட் வேலையில் அப்படித்தானாம். பதில் எழுதும் பெட்டிக்குள் அரைகுறையாக இருந்தது. அனுப்பட்டுமா என்றேன், கண்ணை மூடித் திறந்தார்."

கீழே அந்தப் பதில் இருந்தது.

"நீங்கள் கேட்ட விவரங்கள். ஒன்று, பதிப்பு எண் பார்த்து எழுதுகிறேன். இரண்டு, படம். எடுக்க மூன்று வழியில் முயன்றேன். முதல் வழியில்"

அதோடு நின்றிருந்தது.

அதற்கு அடியில் துடைப்பம் அதற்குள் தன் வேலையைச் செய்திருந்தது. அவள் பிய்க்க மறந்த 'விவரம் தேவை' சீட்டை எடுத்துவிட்டு ஒரு வரி போட்டிருந்தது. "பதிலுக்கு நன்றி. விரைவில் ஒருவர் இதைப் பார்ப்பார்." அந்த வரியும் அவள் எழுதியதுதான். எழுதிய அன்று, மரியாதையாக இருக்கிறதா என்று கணவரிடம் படித்துக் காட்டியது நினைவிருந்தது.

துடைப்பத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். நிறுத்தினால் இரண்டே வருடத்தில் மறுபடி பதினோராயிரம். பூட்டண்ணனும் போய்விடுவார். அதை ஓடவிட்டாள்.

காலை ஆறு மணிக்கே கதவு சாத்தப்பட்டதாகக் குழுவில் அறிவிப்பு வந்தது. யாரோ கைதட்டும் படம் போட்டார்கள்.

அன்றைய புகார்கள் முப்பத்தெட்டு. முதலாவது, "எல்லாம் மெதுவாக இருக்கிறது." கை தானாகத் தயார்ப் பதிலுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். எது மெதுவாக இருக்கிறது, நீங்கள் எப்படித் தட்டச்சு செய்கிறீர்கள், பதில் எழுத யாராவது கூட இருக்கிறார்களா என்று தானே எழுதினாள். அடித்துத் திருத்தி அனுப்பி நிமிர்ந்தபோது சுவரில் ஆணிதான் இருந்தது. கடிகாரம் மேசையில் மல்லாந்து கிடந்தபடியே ஏழு மணி காட்டியது.

முப்பத்தேழு பாக்கி. சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. அவள் குளிக்கப் போனாள்.