சம்மதக் கையெழுத்து

கால் சூம்பிப் போனவளுக்குக் காதும் கேட்காது, மூளையும் அரைவேக்காடு என்று ஊருக்கே ஒரு நினைப்பு. ஆஸ்பத்திரியில் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறைக்குப் போனேன். கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நேர் எதிரே நின்ற என்னை விட்டுவிட்டு, கூட வந்த ஆட்டோக்காரரிடம் கேட்டார் குமாஸ்தா.

"இவங்களுக்கு என்ன வேணும்?"

"என்னைக் கேட்டா? நான் வண்டி ஓட்டுறவன். அவங்களையே கேளுங்க சார்."

அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது என் பிரசவக் கோப்பு. மகளுக்கு நாலு வயது. இன்னொன்று வேண்டுமென்று இரண்டு வருஷமாகத் தவம் கிடக்கிறேன். மாத்திரை, நாள் கணக்கு, எதற்கும் பலனில்லை. ஒவ்வொரு மாதமும் குளியலறையில் அழுதுவிட்டு வெளியே வந்தால், வீட்டுக்காரர் தோளைத் தட்டி, "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்பார். புதிதாகப் பார்த்த டாக்டரம்மாதான் பழைய காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்.

கோப்பு வந்தது. சிசேரியன் குறிப்புக்கு அடுத்த தாளில், 'கருத்தடை அறுவைக்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து.

நான் போட்டதே இல்லை.

வங்கியில் கையெழுத்து சரிபார்க்கும் மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். அப்பா பேரில் மகன் போட்டதையும், பெண்டாட்டி பேரில் புருஷன் போட்டதையும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவேன். என்னிடமேவா! நான் பேனாவைத் தூக்காமல் ஒரே இழுப்பில் போடுவேன். இதில் கடைசி எழுத்துக்கு முன்னால் பேனா நின்று, ஒரு சுழி போட்டுக் கிளம்பியிருந்தது. அந்தச் சுழி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைப் பதிவேடு மாடியில் இருக்கும். "நீ எதுக்குடி ஏறிக்கிட்டு" என்று அக்காதான் ஓடிப்போய் எனக்குப் பதிலாகப் போட்டுவிட்டு வருவாள். ஐந்து வருஷம் போட்டாள். என் பெயரை என்னைவிட அழகாக எழுதுவாள்.

தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்கா கூடத்தில் இருந்தாள். வீட்டுக்காரரும் வேலையிலிருந்து வந்திருந்தார். போனை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் மழுப்பவில்லை. "நான்தான் போட்டேன். நீ மயக்கத்துல கிடந்தே. இந்த உடம்புக்கு ஒண்ணே போதும்னு டாக்டரும் சொன்னாங்க. ஒண்ணை வெச்சுக்கிட்டே நீ படுற பாடு போதாதா? ரெண்டாவதை யாரு தூக்குவா? நான்தானே?"

"என்னைக் கேட்டியாக்கா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாட்டேன் என்பேனென்று தெரிந்துதான் கேட்கவில்லையாம். இவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது வேண்டவே வேண்டாமென்று என் மடியில் தலை வைத்து அழுதாள். மாமா விடவில்லை. நல்ல கால் உள்ளவள் பெற்றே தீர வேண்டும், நொண்டி பெறவே கூடாது. எங்கள் வயிற்றுக்குத்தான் எத்தனை நாட்டாமை!

வீட்டுக்காரரைப் பார்த்தேன். மகளின் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ அவிழ்ந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"உன் நல்லதுக்குத்தானே..."

தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இருபத்து நாலு மாதம் என் தோளைத் தட்டியிருக்கிறார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் புகார் எழுத உட்கார்ந்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள். தன் பெயரைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உன்னை இடுப்புல சுமந்து வளர்த்தவடி நான். என்னையே உள்ள தள்ளுவியா?"

"தள்ளுவேன்க்கா."

"அப்புறம் உனக்குன்னு யாருடி இருக்கா?"

யாருமில்லைதான். பயமாகத்தான் இருந்தது. மகள் வேறு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பெயருக்குக் கீழே ஆபரேஷன் செய்த டாக்டர் பெயரை எழுதினேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்கும் கீழே வீட்டுக்காரர் பெயரை எழுதினேன்.