கடற்பாறைக்குத் திருஷ்டி கழித்த நாள்

இப்போதெல்லாம் எதையும் யாரும் முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று செல்போனைப் பார்த்து இளிக்கிறார்கள். முதுகைக் காட்ட இத்தனை தூரம் வருவானேன்? அதை வீட்டிலேயே காட்டலாம்.

அயர்லாந்தில் கடலோரப் பாறைகள் முதல் பஸ் வந்ததும் எழுந்து நிற்கும். கடைசி பஸ் போனதும் படுத்துக்கொள்ளும். ஆனால் தூங்காது. டப்ளினில் வேலை பார்க்கும் என் மகன் இளவழகன்தான் என்னையும் என் மனைவி செங்கமலத்தையும் அங்கே அழைத்துப் போனான். ஒருநாள் சுற்றுலாவாம். நாங்கள் இறங்கிய இடத்துப் பாறை அப்போதுதான் எழுந்து, மேலே இருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது. முகம் சரியில்லை.

செங்கமலம் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாவங்க. இத்தனை பேரு கண்ணு பட்டா எப்படித் தாங்கும் அது?"

எனக்கு இந்தத் திருஷ்டி சமாச்சாரத்தில் நம்பிக்கை கிடையாது. பேசாமல் வா என்றேன். அவள் கேட்கவில்லை. உப்பும் காய்ந்த மிளகாயும் ஊரிலிருந்தே எங்களோடு விமானத்தில் வந்திருந்தன. கையில் வைத்துப் பாறையைச் சுற்றினாள். பாறை பெரிது என்பதால் கை வேண்டிய அளவு நீண்டது. துப்பச் சொன்னாள். பாறை துப்பியது. வெள்ளைப் பறவைகளாக வந்தன.

பஸ் டிரைவர் லைட்டர் கொடுத்தார். மிளகாய் எரிந்தும் நெடியே வரவில்லை. அப்படியானால் பலமாகத்தான் கண் பட்டிருக்கிறது என்றாள் அவள். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றேன் நான்.

பாறை கொட்டாவி விட்டது. படுத்தது. தூங்கிவிட்டது.

அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் வெறும் புல்தரைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

புல்லுக்குள்ளிருந்து குடையோடு ஒரு அம்மாள் வந்தாள். பார்வை இலாகா அதிகாரியாம். தமிழில்தான் பேசினாள். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான்; என் மகன் ஒருவன்தான் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் பார்க்க ஏதாவது நின்றாக வேண்டும், பாறையைத் தூங்கவைத்தவர்தான் நிற்க வேண்டும் என்றாள். அது எப்போது எழுந்திருக்கும் என்று கேட்டேன்.

"பொறந்ததுலேருந்து தூங்காதது, பெரியவரே. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

செங்கமலம் போய் நின்றாள். நின்றதும் வளர்ந்தாள். புடவைக் கொசுவத்தில் பறவைகள் குடித்தனம் வைத்தன. எல்லாரும் படம் எடுத்தார்கள். இளவழகனும் எடுத்தான். வியூ நன்றாக இருக்கிறது, சீசன் முடியும்வரை அம்மா நிற்கட்டும் என்றான். படிக்கவைத்ததற்குப் பலன்.

"ஏ செங்கமலம், எறங்கு. பஸ் கெளம்புது."

மேலேயிருந்து குரல் வந்தது.

"தலை வலிக்குதுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

பிரசவத்தில்கூட வலிக்கிறது என்று சொல்லாதவள் அவள். அவளை இங்கே விட்டுவிட்டு ஊரில் நான் யாரோடு சண்டை போடுவது?

உப்பு தீர்ந்துபோயிருந்தது. கடலிலிருந்து எடுக்கலாம் என்றால், கடல் பார்ப்பதற்கு மட்டும் என்றாள் அதிகாரி. செங்கமலத்தின் காலடி மண்ணில் ஒரு பிடி அள்ளினேன். என் கை நீளவில்லை. அவளைச் சுற்றி நானே நடந்தேன். கண்டவன் கண்ணெல்லாம் போக என்று வாய்க்குள் சொன்னேன், யார் காதிலும் விழாதபடி.

"துப்புடி."

துப்பினாள். பறவைகள் கொட்டின. பழைய உயரத்துக்கு வந்து கொசுவத்தை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அப்ப யாரு நிக்கிறது?" என்றாள் அதிகாரி.

இளவழகன் தலையைக் கோதிக்கொண்டு, செல்போனை நீட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான். அவனைக் காட்டினேன்.

"அவன் நல்லா நிப்பான்மா."

அதிகாரிக்குத் திருப்தி. அவன் வளர ஆரம்பித்தான். வெளிச்சம் சூப்பர் என்று சொன்னது கேட்டது. செங்கமலம் புளிச்சோற்று டப்பாவை அவன் காலடியில் வைத்தாள். கெட்டுப்போகாது என்றாள்.

மண்ணைக் கடலில் வீசிவிட்டு நடந்தோம். கழித்துப் போட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள் சொன்னாள்.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கழுத்து வலித்தது. அதனால் நேரே பார்த்து நடந்தேன்.