பன்னிரண்டு பேருக்கு ஒரு கழுத்துப்பட்டை

விடியுமுன்பே கத்தரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. தைத்து வந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குவது அந்தப் பன்னிரண்டு பெண்களின் வேலை. நின்றபடிதான் வேலை, மேசையோ இடுப்புக்கும் கீழே. தலையைக் கவிழ்த்தால் மத்தியானம்வரை நிமிர வழியில்லை. மூக்கெல்லாம் பஞ்சுத்தூசி. துப்பினால் கறுப்பாக வந்தது.

நெட்டை எல்லாரையும்விட உயரம். அதனால் எல்லாரையும்விடக் குனிந்தாள். ஆறு மாதமாகப் பிடரியில் பிடிக்கும் வலி தோளில் இறங்கி, விரல் நுனிவரை எறும்பாக ஊர்ந்தது. கழுத்தெலும்பு தேய்ந்து, ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, குனியவே கூடாது என்றார் டாக்டர். மற்றவர்களுக்கும் வலி உண்டு. மேசையை உயர்த்தித் தரும்படி எல்லாருமாகப் போய்க் கேட்டார்கள். முதலாளி, கழுத்துவலிக்காரர்கள் மாட்டும் கழுத்துப்பட்டை வாங்கித் தந்தார். ஒன்றே ஒன்று. முறைபோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு கழுத்தின் வியர்வையைக் குடித்து அது மஞ்சளாகியிருந்தது. விளிம்பில் யாருடைய முடியோ, யாருடைய தைலமோ. அன்று நெட்டையின் முறை. மூச்சை அடக்கிக்கொண்டு மாட்டினாள்.

கத்தரி விரலை வெட்டியது அவளுக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்த குள்ளச்சிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, ரத்தம். வலிக்கலையா உனக்கு?"

"விரல் இருக்கிறதே தெரியலடி."

முதலாளி வந்தார். விரலைப் பார்க்காமல் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"வெள்ளைச் சட்டைம்மா. இந்தக் கறை போகுமா?"

"மேசை தாழ்வா இருக்குங்கய்யா. அதைத்தானே அன்னிக்கே கேட்டோம்" என்றாள் நெட்டை.

"அதுக்குத்தான் பட்டை தந்தேனே." கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதையும் நாறடிச்சு வச்சிருக்கீங்க. துவைக்கக்கூடத் தெரியாதா?"

பட்டையைவிட அந்தப் பேச்சு நாறியது. நெட்டை பட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சுவர் கட்டியதில் மிஞ்சிய செங்கல் இரண்டைக் கொண்டுவந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் செங்கல் எடுத்துவந்தார்கள். எல்லாருமாக மேசையைத் தூக்கிப் பிடிக்க, கால்களுக்கு அடியில் செங்கல் நுழைந்தது.

"யாரைக் கேட்டு வைக்கிறீங்க? எடுக்கலேன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

"யாருங்கய்யா வரவேண்டாம்?" என்றாள் குள்ளச்சி.

"எல்லாருந்தான்."

"சரிங்கய்யா. எல்லாரும் வாசல்ல வந்து நிக்கிறோம்."

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. ஒருத்தியும் மேசையை விட்டு நகரவில்லை.

உயர்ந்த மேசை குள்ளச்சிக்கு நெஞ்சுவரை வந்தது.

"உனக்கு எட்டலையேடி" என்றாள் நெட்டை.

"அதுக்கென்னக்கா. என் காலுக்கடியிலயும் ரெண்டு கல்லு போட்டா ஆச்சு."

குள்ளச்சி பின்பக்கம் நடந்தாள். இரண்டு பேர் அவளோடு போனார்கள்.