வியாழக்கிழமை மேசை

டோரீன் அதை இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னாள். இனிமேல் செவ்வாய்க்கிழமை போக்கர் சீட்டாட்டத்துக்கு வரப்போவதில்லை, ஏரிக்கு அந்தப் பக்கத்து பாரில் டெல்மர் நடத்தும் வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் போகப்போகிறேன் என்றாள். அவள் கணவன் வெர்லின், "போயேன், அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு மசித்த உருளைக்கிழங்கை இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டதைக் கடைசிவரை அவன் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் வெர்லினுடையது. பகலில் வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுவான். செவ்வாய் மாலையானால் ஜாய்ஸின் பாரில் பின்கூடத்து மேசைகளை விரித்து, சீட்டுக்கட்டுகளை எடுத்து வைத்து, பந்தயம் வைக்கிற வண்ண வண்ணச் சில்லுகளை ஆளுக்கு ஒரு அடுக்காக வைப்பான். காசு வைத்து ஆடும் ஆட்டமில்லை அது. ஜெயித்தவருக்கு ஜாய்ஸ் கையால் ஒரு மீன்வறுவல் சாப்பாடு, பெயருக்கு நேரே கொஞ்சம் புள்ளி. ஏரியில் பனி உடையும் காலத்தில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு முதுகில் பெயர் தைத்த ஒரு மேல்சட்டை. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டைக்காக எங்கள் பக்கத்தில் மாமனும் மருமகனும் ஒரு கோடை முழுக்கப் பேசாமல் இருந்ததுண்டு.

நடத்துகிறவன் ஆட முடியாது. தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஒருவன் வெளியே நிற்கவேண்டும். வெர்லின் நின்றான். விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டினான், கடிகாரம் வைத்தான், இடைவேளைக்குப் போய்ப் பிந்தி வந்தவர்களின் சீட்டைக் கவிழ்த்தான். ஆட்டக்காரர்கள் அவனுக்கு ஊர்க்காவல் தலைவனைப்போல ஷெரிஃப் என்று பெயர் வைத்தார்கள். முதலில் பிரியமாகக் கூப்பிட்டார்கள், போகப்போக வேறு மாதிரி. அவனுக்கும் உள்ளே என்னவோ வற்றிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் வேலை முடிந்த கையோடு பாருக்கு ஓடுகிறவன், இப்போது வாசலில் வண்டியை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, இனி இறங்காமல் முடியாது என்கிறவரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

டோரீன் வியாழக்கிழமைக்கு மாறிய பிறகு அவனுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. மேசைகளுக்குப் புதுப் பச்சைத் துணி தைத்துப் போட்டான். குலுக்கலில் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று பரிசென்று அறிவித்தான். ஊர் முழுக்க எரிவாயு நிரப்பப்போன இடத்திலெல்லாம் ஆள் சேர்த்தான். பார்த்தவர்கள் ஷெரிஃபுக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டதென்று சொன்னார்கள். அவனுக்கல்லவா தெரியும். செவ்வாய் மீது அவனுக்கு ஒரு ஆசையும் இல்லை. வியாழன் தோற்கவேண்டும், அது ஒன்றுதான் வேண்டும்.

வியாழன் தோற்பதாக இல்லை. இரண்டு இடத்திலும் ஆடுகிற நோர்பர்ட் என்ற கொல்லன் செவ்வாய் தவறாமல் அந்தச் சேதிகளைக் கொண்டுவந்து கொட்டினான். டோரீன் இந்த வாரமும் கடைசி மேசைவரை போனாள். வெறும் மூன்றையும் எட்டையும் கையில் வைத்துக்கொண்டு இருந்த சில்லு அத்தனையையும் உள்ளே தள்ளி, எதிரே ராணி ஜோடி வைத்திருந்தவனைப் பயந்து சீட்டைக் கவிழ்க்கவைத்தாள். பாதிரியாரும் பனிவண்டியும் கதையைச் சொல்லி எல்லோரையும் கண்ணில் நீர் வரச் சிரிக்கவைத்தாள். கடைசிச் சேதிதான் வெர்லினை அறுத்தது. அத்தனை வருடம் கூட வாழ்ந்தவன், அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கதையைக் கேட்டதே இல்லை. அன்று பாத்திரம் துடைக்கும்போது, அந்தப் பாதிரியார் கதை என்ன என்று கேட்டான். அது இப்படி அடுப்படியில் நின்று சொல்கிற கதையில்லை என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை அவன் ஏரியைச் சுற்றிக்கொண்டு வண்டியை விட்டான். பனியில் துளைபோட்டு மீன்பிடிக்க டெல்மரிடம் எப்போதோ இரவல் வாங்கிய துளைப்பான் ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டெல்மரை அவன் ஒரு போட்டியாளனாக மனதில் எப்படியெல்லாமோ வரைந்துவைத்திருந்தான். பார்த்தால், காதுக்கருவி மாட்டிய, தொப்பை சரிந்த, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அதே பழைய டெல்மர். நேரம் பார்க்க முட்டை வேகவைக்கிற கடிகாரம், அதற்கும் சாவி கொடுக்க மறந்துவிடுகிறார். தொலைந்த சில்லுகளுக்குப் பதில் பீர்பாட்டில் மூடி. ஒரு மேசையில் சீட்டுப் போடுகிறவள் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய் வறுத்த பாலாடைக்கட்டி வாங்கிவருகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெர்லின் நின்ற நிலையில் பத்துப் பிழையாவது கண்டிருப்பான். கூடம் நிறைந்திருந்தது.

மூலை மேசையில் டோரீன் இருந்தாள். சிவப்புக் கம்பளிச்சட்டை, கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பக்கத்திலிருந்தவனின் தோளைத் தட்டி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நாற்காலியின் முன்கால்கள் தரைக்கு வந்தன. அவளோடு சேர்ந்து அந்த மேசை முழுவதுமே முதுகை நிமிர்த்திக்கொண்டது. ஒருவன் அவசரமாகத் தன் சில்லுகளை ஒழுங்காக அடுக்கினான். வெர்லினுக்கு முகம் எரிந்தது.

டெல்மர் துளைப்பானை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, "இருந்துட்டுப் போப்பா" என்று ஒரு பீரைக் கையில் திணித்தார்.

கொஞ்ச நேரத்தில் மூலை மேசையில் பிணக்கு வந்தது. டோரீன் ஒரு கை சில்லை முன்னால் வைத்துவிட்டு, மறுபடி தன் அடுக்கிலிருந்து எடுத்து இன்னொரு கையும் வைத்திருக்கிறாள். பந்தயத்தை ஒரே அசைவில் வைக்கவேண்டும், பிறகு வைத்தது கணக்கில்லை என்பது எங்கும் உள்ள விதி. எதிரே இருந்த நோர்பர்ட் அதைத்தான் சொன்னான். டெல்மர் தலையைச் சொறிந்தார். "விதியெல்லாம் எனக்கென்ன தெரியும்? இதோ வெர்லினே இருக்கான். அவன் சொல்லட்டும்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். டோரீனும் பார்த்தாள். இதே தவறை அவள் போன குளிர்காலத்தின் கடைசிச் செவ்வாயன்று, மேல்சட்டை யாருக்கென்று முடிவாகும் ஆட்டத்தில் செய்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் வேறொருவன் இப்படி வைத்தபோது கண்டுகொள்ளாமல் விட்ட வெர்லின், மனைவிக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேச்சு வந்துவிடக்கூடாது என்று டோரீனுக்கு மட்டும் செல்லாது என்றான். சட்டை வேறு முதுகுக்குப் போனது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவள் பார்வை தன்மேல் இருக்கையில், சற்றுமுன் பக்கத்து ஆளுக்குக் கிடைத்த சிரிப்பில் கொஞ்சம் தனக்கும் கிடைக்காதா என்று அவன் மனம் அலைந்தது.

"செல்லும்" என்றான்.

நோர்பர்ட் சீட்டைக் கீழே வைத்தான். "அடடா. செவ்வாக்கெழம செல்லாது, வியாழக்கெழம செல்லும். வீட்டுல சோறு கெடைக்கலியா ஷெரிஃப்?"

கூடமே சிரித்தது. டோரீன் சிரிக்கவில்லை. இரண்டாவதாக வைத்த சில்லுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நோர்பர்ட் சொல்றதுதான் சரி. ஆடு" என்றாள். அந்தச் சுற்று நோர்பர்ட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் கை எழும்பவே இல்லை; சீக்கிரமே எல்லாவற்றையும் இழந்து, மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தன் காருக்குப் போகாமல், அதற்குள் வெளியேறி வெர்லின் உட்கார்ந்திருந்த வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"டெல்மரோட ஏதாச்சும் இருக்குன்னு பாக்க வந்தியா?"

"அந்தாளோடயா? அப்பிடி இருந்திருந்தா ஒரு குத்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"பின்ன எதுக்கு வந்த?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "நீ இங்க சந்தோஷமா இருக்க. எனக்கு அது தாங்கல."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கோபம் இறங்கவும் இல்லை. "போன வருஷம் என்னை வெட்டின. இன்னிக்கு எனக்குத் தூக்கிக் குடுத்த. ரெண்டு தடவையும் ஊரு முன்னாடி நான் உம் பொண்டாட்டியாத்தான் உக்காந்திருந்தேன். இங்க நான் சும்மா டோரீன். அது ஒண்ணுக்காகத்தான் இம்புட்டு தூரம் வர்றேன்."

அவன் தலையாட்டினான்.

"அதவிடு. செவ்வாக்கெழம உனக்கே புடிக்கல. அப்புறம் யாருக்காக இந்தப் பாடு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"வெளக்க எரியவிட்டுட்டு வண்டிக்குள்ளயே உக்காந்திருக்க. பாருக்குள்ள இருந்து எல்லாரும்தான் பாக்கறாங்க. நீ எப்ப எறங்குவேன்னு ஜாய்ஸ் பந்தயம் வேற கட்டறா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்காமல் போய் ரொம்ப நாளாயிற்று என்று ஒப்புக்கொண்டான். விட்டுவிட்டால் வேறு எவனாவது எடுத்து நன்றாக நடத்திவிடுவானோ என்றுதான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். டோரீன் அவன் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கித் தன் காருக்குப் போனாள்.

அந்த மாதமே அவன் விட்டான். எடுத்துக்கொள்ள முதலில் கை நீட்டியவன் நோர்பர்ட்தான். தன் சில்லுப்பெட்டியை அவன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. பச்சைத் துணியை மட்டும் தரவில்லை. கேட்டதற்கு, கிழிந்துவிட்டது என்று பொய் சொன்னான். நோர்பர்ட் சுவரிலிருந்த விதிகளைக் கழற்றினான், பாட்டுப் பெட்டியைப் போடவிட்டான். செவ்வாய்க்கிழமைகளில் ஜாய்ஸ் பார் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று பேச்சு. வேலை முடிந்து அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினான் வெர்லின். அந்த மாலைகளில் செய்ய ஒன்றுமில்லாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபோது, எத்தனை அசந்துபோயிருந்தான் என்பது அவனுக்கே வியப்பாக இருந்தது.

பனி உடையத் தொடங்கியபோது டோரீன், வேண்டுமானால் ஒரு வியாழக்கிழமை வந்து ஆடு, ஆனால் வேறு மேசையில் உட்கார் என்றாள். போனான். யாரும் முதுகை நிமிர்த்தவில்லை. அத்தனை காலம் நடத்தியவனுக்கு ஆடத் தெரியவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு பல்பொருள் கடைக்காரியிடம் எல்லாச் சில்லையும் பறிகொடுத்துவிட்டு, எழுந்துபோய் மீன்வறுவல் ஒரு தட்டு சொன்னான். பின்னால் மூலை மேசையில் டோரீன் ஏதோ சொன்னாள், எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பாமல் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான்.