பப்பாளி விதை தப்பில்லை

அமாவாசைக் காலையில் வெறும் வயிற்றில் பூச்சி மருந்து கொடுப்பது எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் வழக்கம். அன்றைக்குத்தான் வயிற்றுப் பூச்சி தலைதூக்குமாம். தன் மகள் கவிஷ்காவின் வயிறு உப்பிக் கிடக்கிறதே என்று என் தம்பி பெண்டாட்டி சிவசக்தியும் பப்பாளி விதையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் பிள்ளை வாந்தியெடுத்தது. அதில் நீளமாக ஒரு பூச்சி நெளிந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று லயமே சந்தோஷப்பட்டது. நான் தொட்டுப் பார்த்தேன். பிள்ளையின் வயிறு கல்லாக இருந்தது, வெளிக்கும் போகவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம் சிவசக்தி."

"பேதிக்குக் குடுத்தா எல்லாம் எறங்கிரும் அண்ணி. எம்புள்ளய நான் பாத்துக்கிறேன்."

நான் கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவள் விளக்கெண்ணெயைப் புகட்டியேவிட்டாள். அந்தியில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. வலி விட்டுவிட்டது என்றார்கள், பாவிகள். உடம்பு சில்லிட்ட பிறகுதான் பூனாகலையிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆபரேஷன் செய்தும் பிள்ளை பிழைக்கவில்லை.

டாக்டர் ஸஜீதா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "பப்பாளி விதை தப்பில்லம்மா. புள்ளைகளுக்குக் குடுத்து சின்ன அளவுல ஆராய்ச்சியும் செஞ்சிருக்காங்க, பூச்சி கொறஞ்சிருக்கு. ஆனா பூச்சி திரண்டு குடலை அடைச்சிட்டா பேதிக்குக் குடுக்கவே கூடாது, குடல் கிழிஞ்சிரும். வயிறு கல்லானப்பவே ஓடி வந்திருக்கணும்."

சிவசக்தி முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள். "தப்பில்லையாம் அண்ணி, மருந்து தப்பில்லையாம்" என்று என் மடியில் விழுந்து அழுதாள். அந்த நேரத்தில் மிச்சத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தால், வாசலில் சிவசக்தியைச் சுற்றிப் பெண்கள் கூடிப் பேசுகிறார்கள். "எத்தன கரண்டி போட்ட? டாக்டரம்மாவே நல்லதுன்னாங்களாமே?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேதிக்குக் குடுத்துதான்டி புள்ள செத்துச்சு!" என்று கத்தினேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். உடைந்த கக்கூஸ் தண்ணி லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கானில் ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான் பிள்ளைகள் விளையாடின.

அடுத்த அமாவாசைக்கு வாசலுக்கு வாசல் விதை காய்ந்தது. சிவசக்தியின் மடியில் சின்னவன், இறந்தவளின் தம்பி, வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். தொட்டுப் பார்த்தேன். வயிறு கல்லு. பக்கத்தில் விளக்கெண்ணெய்ப் போத்தல் திறந்திருந்தது.

அவனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

"டாக்டரம்மாவே சொன்னாங்க அண்ணி!" என்று கதறிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள் சிவசக்தி. போத்தல் அவள் கையில் இருந்தது.