இரண்டாவது பட்டியல்

“அதுல நான் கையெழுத்துப் போடக் கூடாதும்மா. நீங்கதான் போடணும்.”

“எழுதத் தெரியும் மேடம். கைதான் வர மாட்டேங்குது.”

“பரவால்ல. ஒக்காந்து போடுங்க. அவசரமில்ல,” என்றாள் சிவசங்கரி.

“அவசரமில்லையா? பின்னாடி இன்னும் மூணு பாடி நிக்குது,” என்றார் பிணவறை ஊழியர். குரலில் கோபமில்லை, பழக்கம்தான். படிவத்தின் ஒரு கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார். “இங்க ‘உறவு’ன்னு இருக்கு பாரு. அம்மான்னு எழுது. எழுதாம உட்டா திருப்பி அனுப்பிடுவாங்க.”

பாக்கியலட்சுமி எழுதினாள். அம்மா. ஆறு வருடங்களில் அந்தச் சொல்லை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

உள்ளே கிடந்தவள் அவள் மகள் வேம்பு. வயது பத்தொன்பது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை; இதுவாவது எமனுக்குக் கசக்கட்டும் என்று வைத்த பெயர். நான்கு நாள் டெங்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது. குருசுக்குப்பம் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடிவீட்டில், கெட்டவர்கள் கையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த பெண்பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் இல்லம் இருந்தது. வேம்பு பதின்மூன்று வயதிலிருந்து அங்கேதான். லேப் டெக்னீஷியன் படிப்பு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. தட்டாஞ்சாவடி கம்பெனியில் காலை ஷிஃப்டில் சோப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பாக்கியத்துக்கு ஃபோன் செய்தவள் இந்தச் சிவசங்கரிதான், இல்லத்தின் பொறுப்பாளர். காய்ச்சல் என்று சொல்ல வந்த ஃபோன் அல்ல அது. எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரமாகும் என்றார்கள். இருவரும் வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள் சிவசங்கரி. “சொல்லாம வண்டில ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வரல.”

“சொல்லுங்க.”

“எங்க பட்டியல் வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியாமலா. அந்தப் பட்டியலில்தான் அவள் ஆறு வருடமாக முட்டிக்கொண்டிருந்தாள். இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு தாள் எழுதும். யார் என்னைப் பார்க்க வரலாம் என்பது முதல் பட்டியல். யார் வரவே கூடாது என்பது இரண்டாவது. பிறந்தநாள்தோறும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். பிள்ளை எழுதியதை அம்மா அழுதாலும் மாற்ற முடியாது, அதிகாரி கேட்டாலும் மாற்ற முடியாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பார்வை நாள். பாக்கியம் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் வாட்ச்மேன் மரியாதையாக எழுந்து நின்று, தாளைப் பார்த்து, “உங்க பேர் இல்லம்மா” என்பார். அவள் வாழைப்பழச் சீப்போடு திரும்பி வருவாள்.

“ரெண்டாவது பட்டியல்ல எப்பவும் ரெண்டு பேர் எழுதுவா,” என்றாள் சிவசங்கரி. “உங்க தம்பி. அப்புறம் நீங்க. போன ஆடில பொறந்தநாளுக்கு எழுத ஒக்காந்தப்ப ஒரே ஒரு பேர்தான் எழுதினா.”

“யாரு பேரு?”

“உங்க தம்பி பேரு மட்டும்.”

பாக்கியம் அவள் பக்கம் திரும்பினாள்.

“முதல் பட்டியல்லயும் உங்கள எழுதல. மறந்துட்டியாடின்னு கேட்டேன். ‘மறக்கலக்கா. அவங்க வந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க’ன்னா.”

“கேட்டீங்களா?”

சிவசங்கரி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “வாசல் கேட்டுல இருக்கறது முதல் தாள் மட்டும்தான். அதுல பேர் இல்லன்னா வாட்ச்மேன் உள்ள விட மாட்டார், எங்கிட்ட சொல்லவும் மாட்டார். அவர்கிட்ட தனியா சொல்லி வைக்கணும்னு நெனச்சேன். அன்னிக்குச் சாயந்தரமே ரெண்டு புதுப் பிள்ளைங்க வந்துச்சு. ஓடிட்டேன். அப்புறம்… மறந்துட்டேன்மா.”

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. நான்கு ஞாயிறு. நான்கு முறையும் வாட்ச்மேன் எழுந்து நின்றார். உள்ளே, மாடியில், யாராவது வந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்பார்கள் என்று வேம்பு காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பாளோ? அம்மா வருவதையே விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாளோ? கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாளோ? இனி அதையும் தெரிந்துகொள்ள வழியில்லை.

பக்கத்தில் இருந்த சிவசங்கரியின் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கை மடியிலேயே கிடந்தது. யாரைக் கேள்வி கேட்க அவளுக்கு வாய் இருக்கிறது? நீதிமன்றத்தில் அவளைக் கேட்டார்கள்: உன் தம்பிதான் உன் பெண்ணை அந்த லாட்ஜுக்குக் கூட்டிப் போனானா? “எந்தம்பி அப்படிப்பட்டவன் இல்லைங்கய்யா.” அப்போ உன் பெண் பொய் சொல்கிறாளா? “ஆமாங்க.” வேம்பு திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. வழக்கு அத்தோடு படுத்துவிட்டது.

“உங்க காலப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கிறேன்,” என்றாள் சிவசங்கரி.

“புடிச்சா?”

ஆம்புலன்ஸ் பின்பக்கமாகவே வந்து நின்றது. சிவசங்கரி அவசரமாகப் பேசினாள்.

“அவ கடைசியா வேணாம்னு எழுதினது அந்த ஒரு பேர்தான். அந்த ஆளு கை அவமேல படக் கூடாதும்மா. நாங்க கேக்க முடியாது. எங்களுக்குச் சட்டத்துல எடமில்ல. நீங்கதான் கையெழுத்துப் போட்ட ஆளு.”

பாக்கியம் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

முத்தியால்பேட்டையில் அவள் குடியிருந்த சந்து முழுக்கத் தம்பி கமலக்கண்ணன் ஏற்பாடு தெரிந்தது. ஷாமியானா, நாற்காலி, பறை, ரோஜாமாலை, வந்தவர்களுக்கு டீ. வீடும் அவனுடையதுதான். கணவன் மில் மூடின வருத்தத்திலேயே போய்ச் சேர்ந்தபோது, “எல்லாம் நான் பாத்துக்கறேன்கா” என்று அவளையும் பிள்ளையையும் கூட்டிவந்து பின்கட்டில் குடிவைத்தான். வேம்பு ஏழாவது முடித்த கோடையில், தெரிந்தவர் லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிற வேலை, லீவுக்கு மட்டும் என்றபோதும் அதையேதான் சொன்னான். பத்து நாளில் வேம்பு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாமாகூட அனுப்பாதம்மா.” ஏன் என்று பாக்கியம் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எங்கே போவது? “மாமாவ அப்படிச் சொல்லாதடி” என்று விரல்களைக் கதவிலிருந்து பிரித்து அனுப்பினாள்.

இப்போது அவன் வண்டிக்கருகே வந்து, கண் சிவக்க நின்று, மூன்றாவது முறையாகச் சொன்னான்: “எல்லாம் நான் பாத்துக்கறேன்கா. நீ ஒக்காரு.”

பந்தலில் தெருக்காரர் கலியமூர்த்தி பறைக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார். “ஏய், தேர்த் திருவிழாவா நடக்குது? வயசுப் பொண்ணுப்பா. அடக்கி வாசிங்க.”

பெண்கள் பக்கத்தில் ஆதிலட்சுமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். “ஆஸ்டல்ல படிச்சா, ஆஸ்டல்ல படிச்சான்றாங்களே. ஆறு வருசத்துல ஒரு பொங்கலுக்குக்கூட வர முடியாத படிப்பு என்னா படிப்புடி அது?”

“கலெக்டருக்குப் படிச்சிருப்பா.”

“க்கும். கலெக்டரே பொங்கலுக்கு வூட்டுக்குப் போறாரு.”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். “எது எப்படியோ, தாய்மாமன்னா இப்படி இருக்கணும். பெத்த அப்பன்கூடச் செய்ய மாட்டான்.”

சிவசங்கரி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கிப் பந்தல் ஓரத்தில் நின்றாள். கேட்டவர்களிடம் காலேஜ் டீச்சர் என்றாள். இல்லத்துப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. இந்தத் தெருவில் அவர்கள் முகம் தெரியக் கூடாது. அங்கே மாடியிலேயே கும்பிட்டுக்கொள்வார்கள்.

வாசலில் பெஞ்சு போட்டு வேம்புவைக் குளிப்பாட்டினார்கள். பாக்கியம் முகத்தைத் துடைத்தாள். பதின்மூன்றில் விட்ட முகம் அல்ல இது. வலது புருவத்துக்கு மேல் அவள் அறியாத ஒரு தழும்பு இருந்தது. எப்போது விழுந்தாள், யார் மருந்து போட்டார்கள் என்று கேட்கலாம். பந்தல் ஓரத்தில் நிற்பவளுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. துண்டைப் பிழிந்து இன்னொரு தரம் துடைத்தாள்.

கல்யாணம் ஆகாமல் போகிற பெண்ணுக்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. தாய்மாமன் பட்டுக் கோடித்துணி போர்த்தி, தன் கையால் நெற்றியில் பொட்டு வைத்து அனுப்ப வேண்டும். மாமன் கை படாமல் போனால் அந்தப் பெண் வாசலை விட்டுப் போகமாட்டாள் என்பார்கள். அதற்குப் பிறகுதான் கருவடிக்குப்பம் மயானத்துக்குத் தூக்குவார்கள்.

“தாய்மாமன் கோடி!” என்று கலியமூர்த்தி குரல் கொடுத்தார்.

பறை முழங்கியது. கமலக்கண்ணன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, தாம்பாளத்தை ஏந்தி வந்தான். அரக்குப் பட்டு, குங்குமம், பூ. சாமி கும்பிடப் போகிறவன் போலத்தான் இருந்தான். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சிவசங்கரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாக்கியம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் குனிய வேண்டிய இடம் அதுதான். தடுத்தால் நாளைக்கு இந்த வீட்டில் அவளுக்குக் கதவில்லை. அது மட்டுமா? நீதிமன்றத்தில் சொன்னது பொய்யென்று தெருவுக்கே சொன்னதாகும். தெரிந்தே அனுப்பினாயா என்று ஆதிலட்சுமி கேட்பாள். எல்லோரும் கேட்பார்கள். நகர்ந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

“பாக்கியம், நேரமாவுதும்மா,” என்றார் கலியமூர்த்தி.

அவள் எழுந்திருக்கவில்லை. பறைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து, அடிப்பதைக் குறைத்து, நிறுத்தினார்கள். பெண்கள் பக்கத்துப் பேச்சும் நின்றது. குளிப்பாட்டிய தண்ணீர் பெஞ்சின் அடியிலிருந்து மெல்ல ஓடிவந்து கமலக்கண்ணனின் காலடியில் தேங்கியது. அவன் ஒரு காலைத் தூக்கி, வைக்க உலர்ந்த இடம் தேடினான்.

“அக்கா,” என்றான், மிகவும் தணிந்த குரலில். “கொஞ்சம் நகருக்கா.”